ஜென்கின்ஸில் பில்டு எப்போது, எதனால் தொடங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜென்கின்ஸைப் புதிதாகத் தொட்டவர்கள் கேட்கும் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: "இந்த பில்டு ஏன் ஓடியது?" அல்லது "இந்த பில்டு ஏன் ஓடவில்லை?" (பில்டு என்றால் நிரலை எடுத்து, கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டும் ஒரு முழுச் சுற்று.) இந்த இரண்டுக்கும் குழுவில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் சர்வர் காட்டும் சிவப்பு (தோல்வி) அடையாளத்தை யாரும் நம்புவதில்லை. "அது எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாற்றத்தை முதன்மை நிரலோடு மெர்ஜ் செய்துவிடுவார்கள். அங்கே டெஸ்ட் எழுதியவரின் உழைப்பு முழுதும் வீண்.

கிட்ஹப்பில் ரெப்போ (நிரலை வைக்கும் களஞ்சியம்), தனியாக ஒரு ஜென்கின்ஸ் சர்வர் என்று வைத்திருக்கும் குழுவை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். கிட்லேப், பிட்பக்கெட் பயன்படுத்துபவர்களுக்கும் அடிப்படை இதேதான். ப்ளக்இன் பெயரும் முகவரியும் மட்டும் மாறும்.

ஜென்கின்ஸ் என்றால் என்ன, சுருக்கமாக?

யாராவது நிரலை மாற்றி ரெப்போவில் புஷ் செய்ததும் (அனுப்பியதும்), அதை எடுத்து, கம்பைல் செய்து, டெஸ்டுகளை ஓட்டி, சரியா தவறா என்று சொல்லும் சர்வர். ஜாவாவில் எழுதிய திறமூல மென்பொருள். கோசுகே கவாகுச்சி சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது 2004-இல் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பிறகு பெயருரிமையில் தகராறு வர, 2011-இல் ஜென்கின்ஸ் ஆனது. நடைமுறைக்கு முக்கியமான ஆண்டு 2016. அப்போது வந்த 2.0 பதிப்பில்தான் பைப்லைன் முன்னுக்கு வந்தது. பில்டின் படிகளை ஜென்கின்ஸ்ஃபைல் என்ற கோப்பில் எழுதி நிரலோடு சேர்த்தே ரெப்போவில் வைக்கும் வழக்கம் அதற்குப் பிறகு பரவியது.

ஒரு பில்டைத் தொடங்க என்னென்ன வழிகள்?

ஒருவர் பொத்தானை அழுத்தலாம். கடிகாரம் தொடங்கலாம். ரெப்போவில் மாற்றம் வந்ததா என்று ஜென்கின்ஸே அவ்வப்போது கேட்டுப் பார்த்துத் தொடங்கலாம். மாற்றம் வந்ததும் கிட்ஹப் தகவல் அனுப்ப, அதனால் தொடங்கலாம். இன்னொரு ஜாப் (ஜென்கின்ஸில் அமைத்து வைத்த ஒரு வேலை) முடிந்ததால் தொடங்கலாம். வெளியிலிருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாகத் தொடங்கலாம்.

எந்த வழியில் வந்தாலும் பில்டு பக்கத்தின் மேலேயும் கன்சோல் லாகின் முதல் வரியிலும் "ஸ்டார்ட்டட் பை" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். டைமரா, இன்னார் செய்த புஷ்ஷா, எந்த ஜாப் என்று அது சொல்லிவிடும். ஏதாவது விசித்திரமாக நடந்தால் எல்லோரும் நேராகப் பிழைச் செய்தியைத் தேடிக் கீழே ஓடுவார்கள். முதலில் அந்த மேல் வரியைப் படியுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

"பில்ட் பீரியாடிக்கலி", "போல் எஸ்சிஎம்" இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டிலும் ஒரே மாதிரி நேர வரி எழுதுவதால் இந்தக் குழப்பம். முதலாவது, நேரம் வந்தால் பில்டை ஓட்டிவிடும். நிரல் மாறியதா என்று பார்க்காது. இரண்டாவது, நேரம் வந்தால் ரெப்போவிடம் புது கமிட் (பதிந்த மாற்றம்) உண்டா என்று கேட்கும். இருந்தால் மட்டும் ஓட்டும். இப்படிக் கேட்டுப் பார்ப்பதுதான் போலிங்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று நினைத்து முதலாவதில் எழுதிவிட்டால், யாரும் ஒரு வரியும் மாற்றாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு நாளில் 288 பில்டுகள் ஓடும். வட்டு ஏன் நிரம்பியது என்று தேடுபவர்கள் இதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

நேர வரியை எப்படி எழுதுவது?

வேலைகளை நேரப்படி ஓட்டும் யூனிக்ஸ் க்ரான் பாணியில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை. நட்சத்திரம் என்றால் எதுவானாலும் சரி. கிழமையில் 0, 7 இரண்டுமே ஞாயிறு. '30 2 * * *' என்றால் தினமும் அதிகாலை 2.30. '0 9 * * 1-5' என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணி.

யூனிக்ஸ் பழக்கத்தில் வருபவர்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், யூனிக்ஸ் க்ரானில் இரண்டில் ஒன்று பொருந்தினாலே வேலை ஓடும். ஜென்கின்ஸில் இரண்டும் பொருந்த வேண்டும். ஆக '0 9 13 * 5' என்று எழுதினால் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமையும் மாதத்தில் மட்டும்தான் ஓடும்.

அப்புறம் ஜென்கின்ஸுக்கே உரிய ஹெச் குறி. எண்ணுக்குப் பதிலாக ஹெச் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைப் போட்டால், ஜாபின் பெயரை வைத்து ஜென்கின்ஸே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும். பார்க்க ஏதோ ஒரு எண் போலத் தோன்றினாலும், அதே ஜாபுக்கு எப்போதும் அதே எண்தான் வரும். நிமிட இடத்தில் 'ஹெச்/15' என்று எழுதினால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும், ஆனால் எந்த நிமிடத்தில் தொடங்கும் என்பது ஜாபுக்கு ஜாப் மாறும். ஐம்பது ஜாபுகளுக்கும் '0 0 * * *' என்று எழுதினால் நள்ளிரவு 12 மணிக்கு ஐம்பதும் ஒன்றாக எழுந்து நிற்கும். எக்ஸிக்யூட்டர்கள் (பில்டுகள் ஓடும் இடங்கள்) திணறும், ரெப்போ சர்வர் திணறும், 12.10-க்குப் பிறகு எல்லாம் சும்மா கிடக்கும். ஹெச் போட்டால் சுமை தானாகப் பரவும். சரியாக இத்தனை மணிக்கு ஓடியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத எல்லா ஜாபுக்கும் ஹெச்தான் என் பரிந்துரை.

'@' குறியோடு டெய்லி, ஹவர்லி, மிட்நைட் போன்ற சுருக்கங்களும் உண்டு. அவையும் உள்ளுக்குள் ஹெச்சைத்தான் பயன்படுத்துகின்றன. மிட்நைட் என்று எழுதினால் சரியாக 12.00 என்று எதிர்பார்க்காதீர்கள். 12.00-க்கும் 2.59-க்கும் இடையில் ஏதாவது ஒரு நேரம்.

காலை 2 மணிக்கு என்று எழுதினேன், 7.30-க்கு ஓடுகிறது. ஏன்?

சர்வர் யூடிசி நேரத்தில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நேர வரிக்கு மேலே, முதல் வரியாக 'டிஇசட்=ஏசியா/கொல்கத்தா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்குக் கீழே உள்ளவை அந்த நேரப்படி நடக்கும். கொழும்புக்காரர்கள் கொல்கத்தா இருக்கும் இடத்தில் கொழும்பு என்று போட்டுக்கொள்ளலாம்.

மனக்கணக்கில் ஐந்தரை மணியைக் கழித்து '30 20 * * *' என்று எழுதுபவர்கள் உண்டு. அது வேலை செய்யும். ஆனால் கிழமையும் சேரும்போது சிக்கல்: நம் திங்கள் அதிகாலை 2 மணி, யூடிசியில் இன்னும் ஞாயிறு. அடுத்து அந்த வரியைப் படிப்பவருக்கு இது புரியாது. நேர மண்டலத்தை வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

போலிங் வேலை செய்கிறதே, பிறகு எதற்கு வெப்ஹுக்?

நூறு ஜாபுகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரெப்போவிடம் கேட்கிறது என்று வையுங்கள். மணிக்கு 1,200 கேள்விகள். அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பதில் "புதிதாக ஒன்றும் இல்லை" என்பதுதான். இவ்வளவு கேட்டும், புஷ் செய்தவர் ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து நிமிடம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் எழுதியவருடைய தலையில் அந்த மாற்றம் சூடாக இருக்கும்போதே விளைவு தெரிவதுதான் தொடர் ஒருங்கிணைப்பின் உயிர். ஐந்து நிமிடம் போலிங், பத்து நிமிடம் வரிசை, பதினைந்து நிமிடம் டெஸ்ட் என்று அரை மணி போனால், அவர் வேறு வேலைக்குள் போயிருப்பார். சிவப்பு வந்த மின்னஞ்சல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கண்ணில் படும். மாற்றம் நடந்த இடத்திலிருந்தே தகவல் வரவேண்டும். அதைத்தான் வெப்ஹுக் செய்கிறது: புஷ் நடந்த சில நொடிகளில் கிட்ஹப் ஜென்கின்ஸின் முகவரிக்கு ஒரு எச்டிடிபி கோரிக்கை அனுப்பும்.

ஒரு நுணுக்கம். மல்டிபிராஞ்ச் (அது பின்னால் வருகிறது) இல்லாத சாதாரண ஜாபில், வெப்ஹுக் வந்ததும் ஜென்கின்ஸ் கண்ணை மூடிக்கொண்டு பில்டைத் தொடங்குவதில்லை. "அந்த ரெப்போவில் ஏதோ நடந்திருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு ஒரு முறை போலிங் செய்து பார்க்கிறது. அந்த ஜாப் கவனிக்கும் பிராஞ்சில் (நிரலின் கிளையில்) மாற்றம் இருந்தால்தான் பில்டு. அமைப்புப் பக்கத்தில் அந்தத் தேர்வின் பெயரிலேயே போலிங் என்ற சொல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெப்ஹுக் அமைத்துவிட்டேன். பில்டு ஓடவில்லை. எங்கே தேடுவது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, எனவே நிதானமாகப் பார்ப்போம். தகவல் போகும் பாதையிலேயே நாமும் நடக்க வேண்டும்: முதலில் கிட்ஹப், பிறகு நடுவில் இருக்கும் நெட்வொர்க், பிறகு ஜென்கின்ஸ், கடைசியாக ஜாப். பலர் ஜாபில் தொடங்கி ஒவ்வொரு பெட்டியாக டிக் செய்து பார்த்து நேரத்தை இழக்கிறார்கள்.

கிட்ஹப்பில் அந்த ரெப்போவின் செட்டிங்ஸ், அதில் வெப்ஹுக்ஸ், அதில் "ரீசன்ட் டெலிவரிஸ்" என்ற பகுதி. அனுப்பிய ஒவ்வொரு தகவலும் அதற்கு ஜென்கின்ஸ் தந்த பதிலும் அங்கே இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் கிட்ஹப் அனுப்பவே இல்லை. எந்த நிகழ்வுகளுக்கு அனுப்ப வேண்டும் என்ற தேர்வைப் பாருங்கள். புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கும்) பில்டு வேண்டுமானால் புஷ் மட்டும் போதாது, புல் ரிக்வெஸ்ட் நிகழ்வையும் சேர்க்க வேண்டும்.

அனுப்பியிருக்கிறது, பதில் 302 (வேறு முகவரிக்குப் போ) என்றால், பெரும்பாலும் முகவரியின் கடைசிச் சாய்கோடு விட்டுப்போயிருக்கும். ஜென்கின்ஸ் முகவரிக்குப் பின்னால் 'கிட்ஹப்-வெப்ஹுக்' என்ற ஆங்கிலப் பாதை, அதற்குப் பின்னும் ஒரு சாய்கோடு இருக்க வேண்டும். அந்த ஒற்றைக் குறி இல்லாமல் வீணான மாலைப்பொழுதுகள் உலகமெங்கும் எத்தனையோ. 404 என்றால் பாதை தவறு, அல்லது கிட்ஹப் ப்ளக்இன் நிறுவப்படவில்லை. 403 என்றால் முன்னால் நிற்கும் ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) அனுமதி மறுத்திருக்கலாம். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் கிட்ஹப் இணைப்பைத் துண்டித்து டைம்அவுட் என்று குறித்துவிடும், ஃபயர்வாலைப் பாருங்கள். எஸ்எஸ்எல் பிழை என்றால் சர்வரின் சான்றிதழ் நீங்களே உருவாக்கியதாகவோ காலாவதியானதாகவோ இருக்கும். முகவரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால் சொல்லவே வேண்டாம், கிட்ஹப்பின் சர்வருக்கு அது தன்னையே குறிக்கும்.

பதில் 200 (சரியாக வந்து சேர்ந்தது), ஆனாலும் பில்டு இல்லை. இப்போதுதான் ஜென்கின்ஸுக்குள் வர வேண்டும். ஜாபின் இடப்பக்கப் பட்டியலில் கிட்ஹப் ஹுக் லாக் இருக்கும். தகவல் வந்ததா, போலிங் நடந்ததா, "நோ சேஞ்சஸ்" என்று முடிந்ததா என்று அதில் தெரியும். அந்த லாக் வெறுமையாக இருந்தால், வந்த தகவலை இந்த ஜாபோடு ஜென்கின்ஸ் பொருத்திப் பார்க்கவில்லை என்று பொருள். ஜாபில் எழுதிய ரெப்போ முகவரியும் தகவலில் வரும் முகவரியும் ஒரே ரெப்போவைக் குறிக்கின்றனவா என்று பாருங்கள். ரெப்போவுக்குப் பெயர் மாற்றியிருந்தால் இங்கேதான் இடிக்கும். "நோ சேஞ்சஸ்" என்று இருந்தால் பிராஞ்ச் பெயர். ரெப்போவில் 'மெய்ன்', ஜாபில் இன்னும் பழைய 'மாஸ்டர்' என்று இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. புதிதாக உருவாக்கிய பைப்லைன் ஜாபை ஒரு முறையாவது கையால் ஓட்டியிருக்க வேண்டும். எந்த ரெப்போவை எடுக்கிறோம் என்பது முதல் ஓட்டத்தில்தான் ஜென்கின்ஸுக்குத் தெரியவரும். அதற்கு முன் வரும் தகவலை எதனோடும் பொருத்த அதற்கு வழியில்லை.

திருத்திய பிறகு சோதிக்க வெற்று கமிட் போட வேண்டாம். ரீசன்ட் டெலிவரிஸ் பகுதியில் பழைய தகவலையே மறுபடி அனுப்பும் பொத்தான் இருக்கிறது. மூன்று நாள் வரை பழையதை அனுப்பலாம்.

எங்கள் ஜென்கின்ஸ் அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. கிட்ஹப்பால் அதை அடைய முடியாது. என்ன செய்வது?

முழு ஜென்கின்ஸையும் இணையத்தில் திறந்துவிடாதீர்கள். இது கெஞ்சல். ஜென்கின்ஸ் சர்வரில் உங்கள் எல்லா ரெப்போவின் சாவியும் புரொடக்‌ஷன் சர்வரின் சாவியும் இருக்கும்.

முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்து, வெப்ஹுக் பாதையை மட்டும் வெளியே காட்டி, கிட்ஹப் வெளியிடும் ஐபி வரம்புகளிலிருந்து மட்டும் அனுமதிப்பது நல்ல வழி. வெப்ஹுக்குக்கு ஒரு ரகசியச் சொல்லும் வையுங்கள். வந்த தகவல் உண்மையில் கிட்ஹப்பிலிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கலாம். நெட்வொர்க் பிரிவினர் இதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலிங்தான், ஹெச்சோடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜென்கின்ஸ்ஃபைலில் ட்ரிகர் எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லையே?

அந்தக் கோப்பை ஒரு முறை ஓட்டினால்தான் அதிலுள்ள ட்ரிகர் (பில்டைத் தொடங்கும் விதி) ஜாபில் பதியும். புஷ் செய்தால் மட்டும் போதாது. ஒரு முறை கையால் தொடங்குங்கள். பாராமீட்டர்களுக்கும் (பில்டு தொடங்கும்போது கேட்கும் மதிப்புகளுக்கும்) இதே விதி. புதிதாகச் சேர்த்த பாராமீட்டர், சேர்த்த பிறகு ஓடும் முதல் பில்டில் கேட்கப்படாது, அடுத்ததில்தான் வரும். கோப்பிலிருந்து ட்ரிகரை நீக்கினாலும் இதேதான்: அடுத்த ஓட்டம் வரை பழையது உயிரோடு இருக்கும்.

மல்டிபிராஞ்ச் ஜாபில் இரவு பில்டு வைத்தேன். எல்லா பிராஞ்சும் இரவில் ஓடுகிறது.

அப்படித்தான் ஓடும். மல்டிபிராஞ்ச் என்பது ஜென்கின்ஸ்ஃபைல் உள்ள ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி ஜாபை உருவாக்கும் ஏற்பாடு. பிராஞ்ச் பிரியும்போது கோப்பும் கூடவே போகிறது, அதிலிருக்கும் நேர வரியும் போகிறது. க்ரான் எழுதும் இடத்தில் ஒரு நிபந்தனை வையுங்கள்: பிராஞ்ச் பெயர் 'மெய்ன்' என்றால் நேர வரி, இல்லாவிட்டால் வெற்றுச் சரம். வெற்றுச் சரம் என்றால் ட்ரிகர் இல்லை என்று பொருள்.

காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் புஷ் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தனித்தனி பில்டு வருமா?

வராது. பில்டு தொடங்குவதற்கு முன் ஜென்கின்ஸ் கொஞ்சம் பொறுக்கும். கொயட் பீரியட் என்பார்கள், இயல்பாக 5 நொடி. அந்த ஜாப் ஏற்கனவே வரிசையில் காத்திருந்தால், ஒரே பாராமீட்டர்களோடு வரும் அடுத்த கோரிக்கைகள் அதோடு சேர்ந்துவிடும். அதனால் மூன்று பேரின் கமிட் ஒரே பில்டில் வரலாம். சிவப்பு வந்தால் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும் என்பது இதன் விலை.

ஒரே பிராஞ்சுக்கு இரண்டு பில்டு ஒரே நேரத்தில் ஓடுவதைத் தடுக்க "டிசேபிள் கன்கரன்ட் பில்ட்ஸ்" தேர்வு உண்டு. அதிலேயே முந்தையதை நிறுத்திவிடச் சொல்லும் வசதியும் இருக்கிறது. புல் ரிக்வெஸ்ட்டில் இது நல்ல ஏற்பாடு, பழைய கமிட்டின் விளைவை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. டிப்ளாய் செய்யும் (நிரலை நிஜ சர்வரில் நிறுவும்) பைப்லைனில் வேண்டாம். பாதி டிப்ளாயில் நிறுத்தினால் சர்வர் எந்த நிலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பில்டு தன்னைத் தானே மறுபடி மறுபடி தொடங்குகிறது!

பில்டின் கடைசியில் பதிப்பு எண்ணை உயர்த்தி கமிட் செய்து புஷ் செய்கிறீர்களா? அந்த புஷ்ஷும் ஒரு மாற்றம்தான். வெப்ஹுக் போகும், புது பில்டு வரும், அது மறுபடி எண்ணை உயர்த்தும். கிட் ப்ளக்இனில் குறிப்பிட்ட பயனரின் கமிட்டுகளைப் போலிங்கில் கணக்கில் எடுக்காதே என்று சொல்லலாம். பில்டுக்கென்று தனிப் பயனர் வைத்திருந்தால் இது எளிது. என் கருத்தில், பில்டு பிராஞ்சில் எழுதாமலே இருப்பது இன்னும் சுத்தம். பதிப்பு எண்ணை டேக்கிலிருந்து (கமிட்டுக்கு இடும் பெயர்க்குறியிலிருந்து) எடுத்துக்கொள்ளட்டும்.

ஆவணக் கோப்பு மட்டும் மாறினாலும் அரை மணி டெஸ்ட் ஓட வேண்டுமா?

வேண்டாம். சாதாரண ஜாபில் "எக்ஸ்க்ளூடட் ரீஜன்ஸ்" பகுதியில் பாதையைக் குறிப்பிட்டால், அந்த இடத்து மாற்றங்களுக்கு பில்டு வராது. பைப்லைனில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் (கட்டத்துக்கும்) 'வென்' நிபந்தனை வைத்து, இன்ன கோப்புறை மாறினால் மட்டும் ஓடு என்று சொல்லலாம். ஒரு பிராஞ்சின் முதல் பில்டில் கவனம் தேவை: ஒப்பிட முந்தைய பில்டு இல்லாததால் மாற்றப் பட்டியல் காலியாக இருக்கும், நிபந்தனை பொருந்தாது, டெஸ்டே ஓடாமல் பச்சை வந்துவிடும். டெஸ்டைத் தவிர்க்கும் நிபந்தனை எழுதும்போது, சந்தேகம் வந்தால் ஓடு என்ற பக்கம் சாய்த்து எழுதுங்கள்.

வெளி ஸ்கிரிப்டிலிருந்து பில்டைத் தொடங்குவது எப்படி?

ஜாபின் முகவரிக்குப் பின்னால் 'பில்ட்' என்று சேர்த்து போஸ்ட் கோரிக்கை அனுப்ப வேண்டும். பாராமீட்டர் இருந்தால் 'பில்ட்வித்பாராமீட்டர்ஸ்'. அடையாளத்துக்குப் பயனர் பெயரும் ஏபிஐ டோக்கனும். டோக்கனை உங்கள் பயனர் பக்கத்தில் உருவாக்கலாம். ஒரு முறைதான் காட்டும், உடனே பத்திரப்படுத்துங்கள். கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் க்ரம்ப் என்ற கூடுதல் சரிபார்ப்பு எண் வேண்டும். டோக்கனுக்கு அது தேவையில்லை.

வெற்றி என்றால் 201 பதில் வரும். அதன் லொகேஷன் ஹெடரில் இருப்பது வரிசை எண்ணின் முகவரி. பில்டு எண் இன்னும் பிறக்கவில்லை. அந்த முகவரியை அவ்வப்போது கேட்டால், எக்ஸிக்யூட்டர் கிடைத்த பிறகு பில்டு எண் அதில் தோன்றும். "கடைசி பில்டு" முகவரியைப் பார்த்து அதுதான் நம்முடையது என்று நினைக்கும் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால் அவை அடுத்தவரின் விளைவைப் படித்துவிடும்.

முகவரியிலேயே டோக்கனைச் சேர்த்துத் தொடங்கும் பழைய வழியும் இருக்கிறது. முகவரிகள் ப்ராக்ஸி லாகில் பதிவாகும் என்பதால் தவிர்க்கலாம்.

ஒரு ஜாப் முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்க?

இரண்டு வழி. பின்னால் வரும் ஜாபில் "அது முடிந்ததும் நான்" என்று அப்ஸ்ட்ரீம் ட்ரிகர் எழுதலாம். அல்லது முன்னால் இருக்கும் பைப்லைனில் 'பில்ட்' படி வைத்து நேராக அழைக்கலாம். இரண்டாவதில், அழைத்த பில்டு முடியும் வரை இது காத்திருக்கும். அது தோற்றால் இதுவும் தோற்கும். காத்திருப்பது, சேர்ந்து தோற்பது ஆகிய இரண்டையும் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். நூலகம் ஒரு குழுவிடமும் அதைப் பயன்படுத்தும் செயலி வேறு குழுவிடமும் இருந்தால் முதல் வழி பொருந்தும், நூலகக்காரர்களுக்கு யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பில்டு தொடங்கிவிட்டது, ஆனால் வரிசையிலேயே நிற்கிறது.

வரிசையில் அதன் மேல் மவுஸை வைத்தால் காரணம் சொல்லும். ஜாப் கேட்கும் லேபிள் (ஏஜென்ட்டுக்கு இடும் பெயர்) எந்த ஏஜென்ட்டிலும் (பில்டை ஓட்டும் மெஷினிலும்) இல்லை, அந்த ஏஜென்ட் ஆஃப்லைன், எக்ஸிக்யூட்டர்கள் எல்லாம் பிஸி, இவற்றில் ஒன்றாக இருக்கும். லேபிள் பெயரில் எழுத்துப்பிழை வந்தால் ஜென்கின்ஸ் பிழை என்று சொல்லாது; அந்தப் பெயரில் ஏஜென்ட் வரும் என்று எவ்வளவு நாளானாலும் காத்திருக்கும்.

எக்ஸிக்யூட்டர் பிஸி என்றால் உண்மையிலேயே வேலை நடக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒப்புதல் தருவார்கள் என்று காத்திருக்கும் பைப்லைன் ஒரு எக்ஸிக்யூட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒப்புதல் கேட்கும் ஸ்டேஜுக்கு ஏஜென்ட் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். எல்லா பைப்லைனுக்கும் ஒரு டைம்அவுட்டும் வையுங்கள். வழக்கமாக 12 நிமிடம் எடுப்பதற்கு 30 நிமிடம் தாராளம்.

புதிதாக நிறுவிய ஜென்கின்ஸில் கன்ட்ரோலரிலேயே (ஜென்கின்ஸ் இயங்கும் முதன்மை சர்வரிலேயே) இரண்டு எக்ஸிக்யூட்டர்கள் இருக்கும். அதை 0 ஆக்கிவிட்டுத் தனி ஏஜென்ட்டில் ஓட்டுங்கள். கன்ட்ரோலரில் ஓடும் பில்டால் ஜென்கின்ஸின் சொந்தக் கோப்புகளை, அதாவது சாவிகள் இருக்கும் இடத்தை, படிக்க முடியும்.

கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் மட்டும். லாகில் அவை நட்சத்திரங்களாக மறையும், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம்; உரு மாற்றி அச்சிட்டால் மறைக்காமல் போகலாம். ஷெல் படியில் ஒற்றை மேற்கோள் பயன்படுத்துங்கள். இரட்டை மேற்கோளில் க்ரூவியே (ஜென்கின்ஸ்ஃபைல் எழுதும் மொழி) ரகசியத்தின் மதிப்பை உள்ளே நிரப்பி ஷெல்லுக்கு அனுப்பும், அந்த மெஷினின் பிராசஸ் பட்டியலில் கூட அது தெரியலாம்.

பொது ரெப்போ என்றால் ஃபோர்க்கிலிருந்து (வெளியார் எடுத்த நகல் ரெப்போவிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட் பற்றி யோசித்தே ஆக வேண்டும். அறிமுகம் இல்லாதவரின் ஜென்கின்ஸ்ஃபைலை நம்பாமல், உங்கள் பிராஞ்சில் உள்ளதையே எடுக்கும்படி அமைக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு அழைக்கும் பில்டு ஸ்கிரிப்டும் டெஸ்டுகளும் அவர் அனுப்பியவைதான். அந்த ஸ்டேஜில் எந்த ரகசியமும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

ஜென்கின்ஸை எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்?

வாராந்திரப் பதிப்பு ஒன்று, 12 வாரத்துக்கு ஒரு முறை புது அடித்தளம் எடுக்கும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) ஒன்று. வேலை நடக்கும் சர்வருக்கு எல்டிஎஸ். 2024 அக்டோபரில் வந்த 2.479.1 முதல் குறைந்தது ஜாவா 17 வேண்டும்; நீங்கள் நிறுவும் பதிப்புக்கு எது வேண்டும் என்று பார்த்து முதலில் ஜாவாவை மாற்றுங்கள். பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2024 ஜனவரியில் வெளியான சிவிஇ-2024-23897 என்ற ஓட்டை, கட்டளை வரிக் கருவி வழியாக சர்வரின் கோப்புகளைப் படிக்க வழிவிட்டது. 2.442, எல்டிஎஸ் 2.426.3 பதிப்புகளில் அதை அடைத்தார்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இருக்கும்போது ஜென்கின்ஸ் தேவையா?

அது கிட்ஹப்பே தரும் பில்டு சேவை. ரெப்போ கிட்ஹப்பில், டெஸ்ட் சாதாரண லினக்ஸில் ஓடும் என்றால் ஆக்‌ஷன்ஸ் போதும். வெப்ஹுக் தலைவலியே இல்லை. நேர ட்ரிகரில் மட்டும் சில கட்டுப்பாடுகள்: குறைந்தபட்ச இடைவெளி 5 நிமிடம், நெரிசலில் தாமதமாகலாம், பொது ரெப்போவில் 60 நாள் அசைவே இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும். சொந்த மெஷின்கள், இணைத்து வைத்த வன்பொருள், வெளியே போகக் கூடாத நிரல் என்று இருந்தால் ஜென்கின்ஸ் இன்றும் பொருத்தமானது.

சர்வர் ஒரு மணி நேரம் நின்றிருந்தது. அந்த நேரத்து பில்டுகள் என்ன ஆகும்?

நேர ட்ரிகர் என்றால் போனது போனதுதான். எழுந்த பிறகு தவறியதை ஜென்கின்ஸ் ஓட்டாது. வெப்ஹுக்கும் அப்படியே, தோற்ற தகவலை கிட்ஹப் தானாக மறுபடி அனுப்புவதில்லை. ரீசன்ட் டெலிவரிஸ் பகுதிக்குப் போய் அந்த ஒரு மணி நேரத்துச் சிவப்புகளைக் கையால் அனுப்பலாம். மல்டிபிராஞ்சில் "வேறு விதமாக ஓடாவிட்டால் அவ்வப்போது ஸ்கேன் செய்" என்ற தேர்வை ஒரு நாள் என்று வைத்திருங்கள். தவறிய கமிட்டுகளை அடுத்த ஸ்கேன் பிடித்துவிடும். சாதாரண ஜாபுக்கு வெப்ஹுக்கோடு தினம் ஒரு போலிங்கும் வைத்தால் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

நிறுத்தப்போவது முன்பே தெரிந்தால், மேனேஜ் ஜென்கின்ஸில் "பிரிப்பேர் ஃபார் ஷட்டவுன்" அழுத்திவிடுங்கள். புது பில்டுகள் தொடங்காமல் வரிசையில் நிற்கும். அந்த வரிசையை ஜென்கின்ஸ் வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி எழுந்ததும் எடுத்துக்கொள்ளும்.